வளைத்தால் பூக்கும் ரோஜா

வாசல் தூணோரம் ஒரு கொடி ரோஜா. நட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தண்ணீருக்குக் குறைவில்லை, எரு போடாத பருவமில்லை. செடியும் சளைக்காமல் வளர்ந்து, தூணைத் தாண்டி, கூரையைத் தாண்டி, இப்போது மொட்டை மாடிச் சுவரை எட்டிப் பார்க்கிறது. பூ எங்கே என்று தேடினால் உச்சியில் ஐந்தாறு தெரிகின்றன. அவற்றையும் நன்றாகப் பார்க்க வேண்டுமானால் எதிர்வீட்டு மாடிக்குத்தான் போக வேண்டும். பூ அவர்களுக்கு, முள் நமக்கு! "இது எதற்கு? வெட்டிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் ஒரு முருங்கைக் கிளையாவது ஊன்றலாம்" என்று வீட்டில் பேச்சு எழுந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட செடியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சிலருடைய வீட்டிலேயே இருக்கலாம். அரிவாளை எடுப்பதற்கு முன் அந்தக் கிளைகள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று ஒரு தடவை பாருங்கள். பெரும்பாலும் எல்லாம் விறைப்பாக, செங்குத்தாக நிற்கும். அவற்றை வளைத்துப் படுக்கைவாட்டில் கட்டினால், அதே செடி, அதே கிளை, இரண்டு மாதங்களில் அடியிலிருந்து நுனிவரை பூக்கத் தொடங்கிவிடும். உரக்கடைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு முழம் வாழைநார் போதும்.

வளைப்பதற்கும் பூப்பதற்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்விக்கு விடை தேடித் தாவரவியலார் நூறு ஆண்டுகளாக உழைத்து வருகிறார்கள்.

கொடி என்று பெயர்; கொடி அல்ல

அவரையைப் பாருங்கள். அதன் தண்டே கொழுகொம்பைச் சுற்றிக்கொண்டு ஏறுகிறது. பாகலும் பீர்க்கும் பற்றுக்கம்பிகளை நீட்டிப் பிடித்துக்கொள்கின்றன. நம் மாநில மலரான செங்காந்தளுக்கு இலை நுனியே பற்றுக்கம்பி. மிளகும் வெற்றிலையும் கணுக்களில் வேர் விட்டு மரத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. ரோஜாவுக்கு இவற்றில் ஒன்றுமே இல்லை. அதற்கு உள்ளது கீழ்நோக்கி வளைந்த முள் மட்டுமே. காட்டில் நீண்ட கிளை ஒரு புதருக்குள் புகுகிறது. காற்றில் ஆடும்போது முள் பக்கத்துக் கிளையில் மாட்டிக்கொள்கிறது. கிளை பின்னுக்குச் சரியாமல் நின்றுவிடுகிறது. நாற்காலி பின்னும் பிரம்பு காட்டில் ஏறுவதும் இந்த முறையில்தான்.

சார்லஸ் டார்வின் 1865இல் ஏறுகொடிகளைப் பற்றி ஒரு நீண்ட ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். கொடிகளின் நுனி காற்றில் வட்டமிடுவதை மணிக்கணக்கில் உட்கார்ந்து அளந்தவர் அவர். ஒரு கொடி ரோஜாவையும் தொட்டியோடு ஜன்னலில் வைத்துப் பார்த்தார். பகலில் அது வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்தது. இரவில் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. எந்தச் சாதாரணச் செடியும் செய்வது இதுதான். தட்டி அடித்த உயரமான வீட்டுச் சுவரில் இது எப்படி ஏறுகிறதோ தமக்குத் தெரியவில்லை என்று டார்வின் ஒளிக்காமல் எழுதினார். கொக்கியால் ஏறும் செடிகள்தாம் ஏறுவதில் திறமை குறைந்தவை என்பதும் அவர் கருத்து.

முள் என்று சொன்னோம். அதிலும் ஒரு வேறுபாடு உண்டு. எலுமிச்சை முள்ளைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். எளிதில் வராது. அது உருமாறிய கிளை. உள்ளே உள்ள கட்டையோடு இணைந்திருக்கிறது. ரோஜா முள்ளைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்தினால் 'டக்' என்று கழன்று வரும். கழன்ற இடத்தில் ஒரு தழும்பு மட்டும் இருக்கும். அது தண்டின் மேல்தோல் பகுதியிலிருந்து எழுந்தது. கத்தரிச் செடியின் முள்ளும் இந்த வகைதான். வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரியைத் தொட்டவர்களுக்கு அது தெரியும். கத்தரி, ரோஜா முதலிய உறவில்லாத பல செடிகளில் இந்த முள் உண்டாவதற்கு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மரபணுக்கள் காரணமாக இருக்கின்றன என்று 2024இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது.

சுவர் வழுவழுப்பானது. முள் மாட்டிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. ஆகவே வீட்டில் வளரும் கொடி ரோஜா தானாக ஏறுவதில்லை. நாம்தான் ஏற்றிவிட்டுக் கட்டுகிறோம். எந்தக் கோணத்தில் கட்டுவது என்பதும் நம் கையில்தான் இருக்கிறது. பெரும்பாலோர் யோசிக்காமல் நேராக மேலே இழுத்துக் கட்டிவிடுகிறார்கள்.

நுனியின் ஆட்சி

ரோஜாவின் நீண்ட கிளை ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வோர் இலைக்காம்பும் தண்டோடு சேரும் மூலையில் ஒரு சிறு புடைப்பு இருக்கும். பாடப்புத்தகம் அதைக் கோணமொட்டு என்கிறது. தோட்டக்காரர் 'கண்' என்கிறார். இரண்டு மீட்டர் நீளக் கிளையில் முப்பது கண்களாவது இருக்கும். ஒவ்வொன்றும் பக்கக்கிளையாக வளரக்கூடியது. ரோஜாவில் பூ தோன்றுவது கிளையின் நுனியில். முப்பது கண்கள் விழித்தால் முப்பது பக்கக்கிளைகள், முப்பது பூங்கொத்துகள். ஒன்றும் விழிக்காவிட்டால் உச்சியில் ஒரே கொத்து. கணக்கு இவ்வளவுதான்.

இந்தக் கண்களைத் தூங்க வைத்திருப்பது யார்? கிளையின் நுனிதான். வளரும் நுனி ஆக்சின் என்னும் ஹார்மோனைச் செய்து தண்டின் வழியாகக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. 1933இல் அமெரிக்காவில் கென்னத் திமன், ஃபோக் ஸ்கூக் என்னும் இருவர் ஓர் அவரையினச் செடியின் நுனியை வெட்டினார்கள். பக்கமொட்டுகள் விழித்து வளர்ந்தன. வேறொரு செடியில், வெட்டிய இடத்தில் ஆக்சின் கலந்த அகர் துண்டை வைத்தார்கள். நுனி இல்லாவிட்டாலும் மொட்டுகள் தூங்கிக்கொண்டே இருந்தன! நுனி ஆதிக்கம் என்று நீங்கள் படிப்பது இதைத்தான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும், முடியவில்லை. மேலிருந்து வரும் ஆக்சின் அந்தக் கண்களுக்குள் நுழைவதே இல்லை என்று பின்னால் தெரியவந்தது. அப்படியானால் அவற்றை அடக்குவது எப்படி? கிளைவிடுவதைத் தடுக்கும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்னும் வேறொரு ஹார்மோன் வகை 2008இல் அடையாளம் காணப்பட்டது. பிறகு 2014இல், பட்டாணிச் செடியில் ஆராய்ந்தவர்கள் இன்னொன்றைச் சொன்னார்கள். வேகமாக வளரும் நுனி, இலைகள் செய்யும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்கிறது. நுனியை வெட்டிய சில மணி நேரத்தில் சர்க்கரை பக்கமொட்டுகளுக்குத் திரும்புகிறது. அந்த இடத்தில் ஆக்சின் அளவு குறைவதற்கு முன்பே மொட்டு அசையத் தொடங்கிவிடுகிறது. பந்தியில் முதல் இலைக்காரரே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டால் கடைசி இலைக்கு என்ன வரும்? ரோஜாவுக்கு மேலும் ஒரு நிபந்தனை உண்டு. அதன் கண்கள் விழிக்க வெளிச்சமும் வேண்டும். முழு இருட்டில் அவை தூங்கியே கிடக்கும்.

இப்போது கிளையை வளைத்துப் பாருங்கள். செங்குத்தாக நிற்கும் கிளையில் நுனிதான் உச்சியில் இருக்கிறது. அதன் ஆட்சிக்குப் போட்டியில்லை. படுக்கவைத்ததும் நுனியின் வளர்ச்சி மட்டுப்படுகிறது. கிளையின் மேற்புறத்தில் இருக்கும் கண்கள் வானத்தையும் வெளிச்சத்தையும் நேரே பார்க்கின்றன. ஒவ்வொன்றாக விழித்து, சீப்பின் பற்களைப் போல் வரிசையாக மேல்நோக்கி வளர்கின்றன. நுனியை வெட்டியும் கண்களை விழிக்கச் செய்யலாம். ஆனால் வெட்டினால் இரண்டு மூன்று கண்களே பலன் பெறும், கிளையும் குட்டையாகிவிடும். வளைத்தால் கிளை முழுவதும் நமக்குக் கிடைக்கிறது. கொடி ரோஜாவில் கத்தரியைவிட நார் பெரிது என்று நான் நினைப்பது இதனால்தான்.

எப்படி வளைப்பது?

கிளை முற்றுவதற்கு முன் வளைக்க வேண்டும். பச்சை மாறாத, பென்சில் பருமனுள்ள கிளை நன்றாக வளையும். விடியற்காலையில் கை வைக்காதீர்கள். அப்போது செல்களில் நீர் நிறைந்து கிளை விறைப்பாக இருக்கும், முறிந்துவிடும். மாலை நாலு மணிக்குமேல், வெயிலில் சற்றுத் துவண்டிருக்கும்போது அது நம் சொல்லைக் கேட்கும். முற்றிய கிளையை ஒரே நாளில் படுக்கவைக்க முயல வேண்டாம். வாரத்துக்குச் சிறிதாக இறக்கி, ஒரு மாதத்தில் படுக்கைக்குக் கொண்டுவரலாம்.

சுவரில் ஆணி அடித்து, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் முதல் கம்பியும், அதற்குமேல் 45 செ.மீ.க்கு ஒன்றாக மற்றக் கம்பிகளும் இழுத்துக் கட்டுங்கள். துருப்பிடிக்காத ஜி.ஐ. கம்பி நல்லது. கம்பிக்கும் சுவருக்கும் நாலு விரற்கடையாவது இடைவெளி இருக்கட்டும். காற்று போகாத இடத்தில் சாம்பல் நோயும் சிவப்புச் சிலந்தியும் குடியேறும். கிளைகளை விசிறி மடிப்புகளைப் போல இருபக்கமும் விரித்து, கம்பியின்மேல் சாய்த்துக் கட்ட வேண்டும். முழுப் படுக்கையாக வராவிட்டாலும் 45 டிகிரிச் சாய்வு இருந்தாலே பலன் தெரியும். தூணில் ஏற்றுவதானால் நேராக ஏற்றாமல், திருகாணியின் புரியைப்போலச் சுற்றிச் சுற்றி ஏற்றுங்கள்.

கட்டுவதற்கு ஈரப்படுத்திய வாழைநார் அல்லது கிழிந்த பருத்தித் துணி வேண்டும். கம்பியால் கிளையைக் கட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நைலான் கயிறும் ஆகாது. கிளை பருக்கும்; கம்பி பருக்காது. சில மாதங்களில் அது பட்டைக்குள் இறங்கும். இலைகள் செய்த உணவைக் கீழே கொண்டுபோகும் குழாய்த் திசு பட்டையை ஒட்டித்தான் இருக்கிறது. அது நெரிபட்டால் வேர் பட்டினி கிடக்கும். நாரை 8 என்ற எண்ணின் வடிவில், ஒரு வளையத்தில் கம்பியும் மறு வளையத்தில் கிளையுமாகத் தளர்த்தியாகக் கட்டுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. நுனியை அடிமட்டத்தைவிடக் கீழே தொங்கவிட்டால், வளைவின் முகட்டில் இருக்கும் கண்தான் புதிய உச்சி ஆகிவிடும். அங்கிருந்து ஒரு முரட்டுக் கிளை புறப்பட்டு வானத்தை நோக்கிப் போகும். இந்தக் குணத்தையே வேறு வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள் கொய்மலர் வளர்ப்பவர்கள். ஓசூர்ப் பகுதிப் பசுமைக் குடில்களில், மெலிந்த ரோஜாக் கிளைகளை அடியோடு வளைத்துத் தரைப்பக்கம் சாய்த்துவிடுவார்கள். சாய்ந்த கிளையின் இலைகள் உணவு செய்கின்றன. செடியின் அடியிலிருந்து திடமான புதுக்கிளைகள் எழுந்து நீண்ட காம்புடைய பூவைத் தருகின்றன.

செய்து பாருங்கள்

ஒரே செடியில் ஏறக்குறைய ஒரே நீளமுள்ள மூன்று கிளைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றை நேராக விடுங்கள். இரண்டாவதைப் படுக்கைவாட்டில் கட்டுங்கள். மூன்றாவதை வில்லைப்போல வளைத்து, நுனி கீழே போகும்படி கட்டுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை கண்கள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வாரம் ஒரு முறை, எத்தனையாவது கண் விழித்தது, அது எவ்வளவு நீளம் வளர்ந்தது என்று எழுதி வாருங்கள். ஆறு வாரங்கள் போதும். அளவுகோல் ஒன்றும் நோட்டுப் புத்தகம் ஒன்றும்தான் செலவு. ஒரே செடியில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மண், தண்ணீர், வெயில் எல்லாம் மூன்று கிளைகளுக்கும் பொதுவாக இருக்கும். மாறுவது கோணம் மட்டுமே.

நீளமா, பூவா?

கொடி ரோஜாவும் புதர் ரோஜாவும் வெவ்வேறு பிறவிகளா? பல நேரங்களில் இல்லை. குட்டையான புதர் ரோஜாவில் திடீரென்று ஒரு கிளை மட்டும் நீண்டு வளர்ந்துவிடும். அந்தக் கிளையிலிருந்து கண் எடுத்துப் பெருக்கினால் அது கொடி வகை. புகழ்பெற்ற பல புதர் ரோஜாக்களுக்கு இப்படி ஒரு கொடி உடன்பிறப்பு உண்டு. ஆனால் நீளம் கூடிய இச்செடிகளில் சில, பூப்பதில் கஞ்சத்தனம் காட்டும்.

இதன் இரகசியம் மரபணுவில் கிடைத்தது. காட்டு ரோஜாக்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு பருவம்தான் பூக்கும். அவற்றில் கே.எஸ்.என். என்னும் ஒரு மரபணு, பூக்காமல் தடுக்கும் தடைக்கட்டைபோல் வேலை செய்கிறது. பழைய சீன ரோஜாக்களில் இந்த மரபணுவுக்குள் ஒரு தாவும் மரபணு வந்து புகுந்துகொண்டது. தடைக்கட்டை பழுதாயிற்று, செடி ஆண்டு முழுவதும் பூக்கத் தொடங்கியது. 'ஓல்டு பிளஷ்' என்னும் சீன ரோஜா அப்படிப்பட்டது. அதன் கொடி வகையைப் பிரெஞ்சு, ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். புகுந்த துண்டின் பெரும்பகுதி அதில் வெளியேறிவிட்டிருந்தது! தடைக்கட்டை மறுபடி வேலை செய்தது. கிளை நீண்டது, பூப்பு ஒரு பருவத்துக்குச் சுருங்கியது. தாவும் மரபணுக்களை மக்காச்சோளத்தில் முதன்முதல் கண்டவர் பார்பரா மக்ளின்டாக் அம்மையார். அதற்காக 1983இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

இதற்கு நேர்மாறான அதிர்ஷ்டமும் நடந்திருக்கிறது. 1910இல் அமெரிக்காவில் வெளியான 'டாக்டர் டபிள்யூ. வான் ஃப்ளீட்' என்ற கொடி ரோஜா ஒரு பருவம் மட்டும் பூப்பது. அதில் தோன்றிய திடீர் மாற்றம் ஒன்று கொடியாகவும் இருந்தது, திரும்பத் திரும்பவும் பூத்தது. 1930இல் 'நியூ டான்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 1931 ஆகஸ்ட் 18ஆம் நாள் அமெரிக்காவின் முதலாவது தாவரக் காப்புரிமை அந்த ரோஜாவுக்குத்தான் வழங்கப்பட்டது.

நர்சரியில் கொடி ரோஜா வாங்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இப்போது புரியும். "எவ்வளவு உயரம் போகும்?" என்று எல்லோரும் கேட்பார்கள். "ஒரு பருவமா, பல பருவமா?" என்று கேளுங்கள். ஒரு பருவ வகைகள் பலவற்றுக்குக் குளிர்காலம் வேண்டும். மதுரையிலும் திருச்சியிலும் அவற்றை நட்டுவிட்டுக் காத்திருப்பது வீண்.

நடுவதும் வெட்டுவதும்

இடம் சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்தது. நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். சமவெளியில் கிழக்குப் பார்த்த சுவர் மிகச் சிறந்தது. மேற்குச் சுவர் பிற்பகல் வெயிலை உறிஞ்சிக்கொண்டு இரவிலும் அனல் வீசும். சித்திரை வைகாசியில் அங்கே செடி வாடி வதங்கும். சுவரிலிருந்து 45 செ.மீ. தள்ளி, மூன்று பக்கமும் 60 செ.மீ. அளவில் குழி எடுங்கள். நன்கு மக்கிய தொழுஉரம் பத்துக் கிலோ, ஒரு கைப்பிடி எலும்புத்தூள், ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு, செம்மண் ஆகியவற்றைக் கலந்து குழியை நிரப்பிச் செடியை நடுங்கள். இரண்டு செடிகளுக்கு நடுவே இரண்டரை மீட்டர் இடைவெளி வேண்டும்.

தேயிலைத் தூளும் முட்டை ஓடும் போடலாமா என்று கேட்பீர்கள். சர்க்கரை போகக் கழுவிய தேயிலைத் தூள் மக்கி நல்ல எருவாகும். கழுவாமல் போட்டால் எறும்புக்கு விருந்து. முட்டை ஓடு கெடுதல் செய்யாது. ஆனால் மண்ணில் கரையப் பல மாதங்கள் ஆகும். இரண்டையும் நம்பிச் சாண எருவை விட்டுவிடக் கூடாது. யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் தழைக்கும்.

கவாத்து விஷயத்தில்தான் கொடி ரோஜாக்கள் மிகுதியாக உயிரை விடுகின்றன. புதர் ரோஜாவை ஆண்டுதோறும் முழங்கால் உயரத்துக்கு வெட்டுவது வழக்கம். அதே கத்தரியைக் கொடி ரோஜாவிடம் கொண்டுபோனால், ஓராண்டு வளர்ந்த நீண்ட கிளைகள் அனைத்தும் போய்விடும். பூக்க வேண்டிய கண்கள் எல்லாம் குப்பையில் கிடக்கும். செடி மறுபடி நீளத் தொடங்கும், மறுபடி வெட்டுவோம், "இது பூக்காத சாதி" என்போம். முதல் இரண்டு ஆண்டுகள் காய்ந்ததையும் நோயுற்றதையும் தவிர எதையும் வெட்டாதீர்கள். புதரிலிருந்து பிறந்த கொடி வகைகளை இளமையிலேயே ஒட்ட வெட்டினால், அவை மறுபடி புதராகவே மாறிவிடுவதும் உண்டு.

மூன்றாம் ஆண்டிலிருந்து, அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெருமழை ஓய்ந்த நாளில் கவாத்து செய்யலாம். நீண்ட முதன்மைக் கிளைகளைத் தொட வேண்டாம். அவற்றிலிருந்து எழுந்து பூத்து முடிந்த பக்கக்கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கண்கள் விட்டு வெட்டுங்கள். மிகப் பழைய, மரமாகிவிட்ட கிளை ஒன்றிரண்டை அடியோடு எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதுக்கிளையை வளைத்துக் கட்டுங்கள். வெட்டுவாயில் போர்டோ பசை தடவினால் நுனிக்கருகல் நோய் இறங்காது. வெட்டிய ஆறு முதல் எட்டு வாரங்களில் மொட்டு விடும்.

அடியிலிருந்து எழும் கிளை நண்பனா, எதிரியா?

கடைகளில் வாங்கும் ரோஜா பெரும்பாலும் ஒட்டுச்செடி. வேர் ஒரு ரோஜாவுடையது, மேல்பகுதி மற்றொன்று. தென்னிந்தியாவில் எட்வர்ட் ரோஜா போன்ற உரமான வகைகளை வேர்ச்செடியாகக் கொண்டு, அதன் பட்டையில் கீறல் போட்டு, வேண்டிய வகையின் கண்ணைச் செருகிக் கட்டுகிறார்கள். அந்த ஒட்டிடம் அடித்தண்டில் முண்டுபோல் தெரியும்.

ஒரு நாள் அடியிலிருந்து ஒரு கொழுத்த கிளை புறப்படும். அதை என்ன செய்வது? மண்ணை விலக்கி, எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முண்டுக்கு மேலிருந்து வந்தால் அதுதான் பொக்கிஷம். அடுத்த ஆண்டு நாம் வளைத்துக் கட்டப்போகும் கிளை அதுவே. முண்டுக்குக் கீழிருந்து வந்தால் அது வேர்ச்செடியின் கிளை. விட்டால் ஓரிரு ஆண்டுகளில் மேல்செடியைப் பட்டினி போட்டுக் கொன்றுவிடும். "எங்கள் ரோஜா நிறம் மாறிவிட்டது" என்று சொல்பவர்கள் வீட்டில் நடந்தது இதுதான். வேர்ச்செடிக் கிளைக்கு ஏழு சிற்றிலை, நல்ல ரோஜாவுக்கு ஐந்து என்று சொல்லும் வழக்கம் உண்டு. அதை நம்பிக் கத்தரியை எடுக்காதீர்கள். நல்ல கொடி ரோஜாக்கள் பலவற்றுக்கும் ஏழு சிற்றிலை உண்டு. தோண்டிப் பார்ப்பது ஒன்றே வழி. வேர்ச்செடிக் கிளையை வெட்டாமல், கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்தெடுங்கள். வெட்டினால் அடியில் மிஞ்சிய கண்கள் மறுபடி தழைக்கும்.

இலையில் அரைவட்டம்

இளந்தளிரில் அசுவினி மொய்த்தால் தண்ணீரைப் பீச்சி அடித்தாலே பெரும்பாலும் விழுந்துவிடும். பொறிவண்டு ஒன்று அங்கே நடமாடினால் வேலையை அதனிடம் விட்டுவிடலாம். கோடையில் இலையின் அடிப்புறம் மெல்லிய நூலாம்படையும் மேலே வெளிறிய புள்ளிகளும் தெரிந்தால் அது சிவப்புச் சிலந்தி. எட்டுக் கால் உடையது. பூச்சி இனமே அல்ல. வறட்சியில்தான் அது பெருகும். இலையின் அடியில் படும்படி காலையில் நீர் தெளிப்பதும், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிப்பதும் பயன் தரும். கரும்புள்ளி நோய் இதற்கு எதிர்க்கட்சி: இலை பல மணி நேரம் ஈரமாகவே இருந்தால்தான் அந்தப் பூசணம் முளைக்கும். அதனால் வழக்கமாகத் தண்ணீரை வேரில் ஊற்றுங்கள். இரவில் இலையை நனைக்காதீர்கள்.

இலை ஓரத்தில் கத்தரியால் வெட்டியதுபோல் அழகான அரைவட்டங்கள் தென்பட்டால் மருந்தைத் தேடி ஓட வேண்டாம். அது இலைவெட்டித் தேனீயின் வேலை. வெட்டிய துண்டைச் சுருட்டி, தன் முட்டைக்குக் கூடு செய்கிறது. அது இலையைத் தின்பதில்லை. உங்கள் தோட்டத்துப் பயறுக்கும் பூசணிக்கும் மகரந்தம் சுமப்பதும் அதன் உறவினர்தாம். நாலு இலை போனால் போகட்டும்.

மலைக்காட்டு உறவினர்

கடைசியாக, நம் நாட்டுக் கொடி ரோஜாக்களைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. மணிப்பூர் மலையில் 1882இல் ஜார்ஜ் வாட் கண்ட ரோசா ஜைகான்டியா, மரங்களின் மேல் பல மீட்டர் ஏறி மிகப் பெரிய பூக்களைப் பூப்பது. வங்காளத்தின் நீர்நிலைக் கரைகளில் வெள்ளத்தைத் தாங்கி வளர்வது ரோசா கிளைனோபில்லா. வெப்பத்தை விரும்பும் ரோஜா இதைப்போல் வேறு கிடைப்பது அரிது. ஐரோப்பாவில் பிறந்த ரோஜாக்கள் நம் வெயிலில் தவிப்பதைப் பார்த்து, கொடைக்கானலைச் சேர்ந்த எம்.எஸ். வீரராகவனும் கிரிஜா வீரராகவனும் இந்த இரண்டு இந்திய இனங்களையும் தோட்ட ரோஜாக்களோடு கலந்து புதிய வகைகளை உருவாக்கினார்கள். கோதுமை ஆராய்ச்சியில் புகழ்பெற்ற டாக்டர் பி.பி. பால் டில்லியில் ரோஜா வகைகளை உருவாக்கியவர். அவற்றில் 'டில்லி ஒயிட் பேர்ல்' ஒரு கொடி ரோஜா.

நீலகிரியிலும் பழனி மலையிலும் ஒரு காட்டுக் கொடி ரோஜா உண்டு. ஐந்து இதழ்களும் வெள்ளை. ரோசா லெஷனால்டியானா என்பது அதன் பெயர். 1816இல் புதுச்சேரிக்கு வந்து அங்கே தாவரத் தோட்டத்தைக் கவனித்த லெஷனால் என்னும் பிரெஞ்சுத் தாவரவியலார் நினைவாக வைத்தது. சோலைக்காடுகளின் ஓரம்தான் அதன் வீடு. தேயிலைக்காகவும், தைலமரத்துக்காகவும், சீகை மரத்துக்காகவும் சோலைகள் சுருங்கியபோது அதன் இடமும் சுருங்கியது. உதகையில் 1995இல் அமைந்த அரசு ரோஜாத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கான வகைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அடுத்த முறை போனால் சோலை ஓரமும் ஒரு நடை நடந்து பாருங்கள். அங்கே நார் கொண்டு வளைத்துக் கட்ட யாரும் இல்லை. நீண்ட கிளை பக்கத்து மரத்தின்மேல் முள்ளால் மாட்டி ஏறி, தன் பாரத்தாலேயே சாய்ந்து கிடக்கும். பூ இருக்கும் பருவமானால், அந்தச் சாய்ந்த பகுதியில் எத்தனை, நிமிர்ந்த பகுதியில் எத்தனை என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். பறிக்க வேண்டாம்.